எலும்பு வார்டிலிருந்து பார்த்த வெனிஸ்

போன கோடையில் தித்தீனாவின் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே நீவெஸ் ஒரு வாக்குக் கொடுத்தாள். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது.

அவள் அழுததில் தப்பில்லை. இளவயதில் இரண்டு பேரும் ஒரு கடற்கரை ஓட்டலில் பருவம் முழுக்கச் சேர்ந்து பாத்திரம் தேய்த்தவர்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனில் பேசிக்கொள்வதோடு சரி. நீவெஸ் தான் பிறந்த வெனிஸிலேயே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, புருஷனையும் பறிகொடுத்துவிட்டாள். தித்தீனா தெற்கே பூலியாவில் தன் மலையோர ஊருக்கே திரும்பிப்போய், தொனாத்தோ என்கிற ஆலிவ் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்துப் போன கோடையில்தான் நீவெஸ் அங்கே போய் இரண்டு வாரம் தங்கினாள். அவளைத் தின்னவைத்தே தீர்ப்பது என்று அந்த ஊரே கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. கொண்டுபோன பாவாடை ஒன்றும் இடுப்பில் ஏறவில்லை. காப்பிக்கடையில் ஒருநாள் தெரியாத்தனமாக அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள். தொனாத்தோ கடைக்காரனைப் பார்த்து, "இந்தம்மாகிட்ட நீ காசு வாங்கினா, செத்தாலும் உன் கடைப் பக்கம் வரமாட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

அதனால்தான் கிளம்பும்போது நீவெஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நீ வெனிஸுக்கு வாடி. உன் கையைப் பர்ஸுக்குள்ள விடவே விடமாட்டேன். மணிக்கோபுரம், கண்ணாடித் தீவு, கோந்தோலாப் படகு, சதுக்கத்துல வயலின் வாசிக்கிற கடையில காப்பி, எல்லாம் நான் காட்டுறேன்."

தித்தீனா அதை ஒன்றுவிடாமல் மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் வருவதாக ஏற்பாடு. நீவெஸும் சும்மா இல்லை. அதற்கென்று மாதாமாதம் ஒதுக்கித்தான் வைத்தாள். ஆனால் தித்தீனா வருவதற்குச் சில நாள் முன்னால் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. நீவெஸ் இருப்பது கீழ்த்தளம். அவள் நாற்காலிகளைத் தூக்கி மேஜைமேல் வைப்பதற்குள் குளிர்பெட்டி தொட்டில் மாதிரி ஆடி, மிதந்து, மல்லாந்து படுத்துப் பிராணனை விட்டது. துணி துவைக்கும் இயந்திரம் அவ்வளவு ஆர்ப்பாட்டம்கூடப் பண்ணவில்லை, நின்ற இடத்திலேயே போய்விட்டது. ஒதுக்கி வைத்ததெல்லாம் அந்த இரண்டுக்கும் சரியாகப் போயிற்று.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தித்தீனா பர்ஸைத் திறப்பாள். தொனாத்தோவின் அந்தக் கத்தலை நினைத்தாலே நீவெஸுக்குக் காது சுட்டது. சுவரில் தண்ணீர் ஏறிய கறைமேல் சுண்ணாம்பு பூசினாள். 'பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், நானென்ன டிக்கெட் வாங்கிக்கொண்டா இருக்கிறேன்? காசில்லாமலும் வெனிஸைக் காட்டலாம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரயிலடிக்குப் போனாள்.

தித்தீனா ரயிலை விட்டு இறங்கவில்லை, பெட்டிதான் முதலில் இறங்கியது. அதை இறக்க இரண்டு ஆண்பிள்ளைகள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"என்னடி இது, கல்லு கிள்ளு ஏத்திட்டு வந்தியா?"

"கல்லா? பாலாடைக்கட்டி, சாசேஜ், ரெண்டு டின் எண்ணெய், தொனாத்தோ போட்ட ஒயின். உன் ஊர்ல என்ன விளையுது, தண்ணிதானே?"

"தொனாத்தோ வரலையா?"

"அவனா! பட்டாளத்துக்குப் போனப்போ ரயில் ஏறினவன், திரும்பி வந்து இறங்கினதோட சரி. ஆடுமாடு நிக்க இடமில்லாத ஊருக்கு மனுஷன் எதுக்குப் போகணும்ங்கறான்."

படகுத்துறையில் நீர்ப்பேருந்து வந்து நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு அதில் டிக்கெட் விலை கேட்டால் மயக்கம் வரும். நீவெஸ் தோழியின் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். "படகெல்லாம் சோம்பேறிங்க ஏறுறது. நடந்தாத்தான் ஊர் தெரியும்."

நடந்தார்கள். முதல் பாலத்தில் பெட்டியின் ஒரு சக்கரம் போயிற்று. அடுத்த பாலத்தில் தித்தீனாவுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எத்தனை பாலம்டி?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

அதை ஏறி இறங்கினார்கள். முன்னால் இன்னொன்று நின்றது.

"ஒண்ணுதான்னு சொன்னியே!"

"அது போன ஒண்ணு. இது வேற ஒண்ணு."

வீடு வந்து சேர்ந்தபோது தித்தீனாவின் கால் இரண்டும் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தன. ஆனாலும் முகத்தில் சந்தோஷம் குறையவில்லை. அவள் ஊரில் மாதா சபைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தினம் ஒரு படமாவது அனுப்புவதாக அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "சபைத் தலைவி ஃபிலொமேனா இருக்காளே, அவ பாரிஸுக்குப் போயிட்டு வந்து மூணு வருஷம் எங்க உயிரை எடுத்தா. இப்ப என் முறை" என்றாள்.

மறுநாள் காலை சதுக்கத்துக்குப் போனார்கள். மணிக்கோபுரத்துக்கு முன்னால் வரிசை பாம்பாக வளைந்து நின்றது. தித்தீனா ஆசையோடு அதன் வாலைத் தேடினாள்.

"இதுலயா ஏறப்போறே?" என்றாள் நீவெஸ், அண்டை வீட்டுக்காரியின் ரகசியத்தைச் சொல்லும் குரலில். "இது ஒருதடவை விழுந்துடுச்சு, தெரியுமா?"

"விழுந்துடுச்சா?"

"நல்ல பட்டப்பகல்ல. அப்படியே பொலபொலன்னு உக்காந்துடுச்சு. இப்ப நிக்கிறது திரும்பக் கட்டினது. ஒருதடவை விழுந்தது மறுதடவை விழாதுன்னு யாருடி எழுதிக் குடுத்தா?"

இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. தித்தீனா கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு அடி பின்வாங்கினாள்.

"வா, இதைவிட நல்லாத் தெரியிற இடம் ஒண்ணு இருக்கு. வெளியூர்க்காரங்க யாருக்கும் தெரியாது."

அங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் பளிங்கில் இழைத்த மாளிகை ஒன்று. வாசலில் கல் சிங்கங்கள். உள்ளே நுழைந்தால் காடு மாதிரித் தூண்கள். தித்தீனா வாயைப் பிளந்தாள். "அம்மாடி! ராஜா இருந்த இடமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு தள்ளுவண்டியில் குளுக்கோஸ் பாட்டிலோடு ஒரு கிழவர் அவர்களைக் கடந்து போனார்.

"ஆஸ்பத்திரிடி" என்றாள் நீவெஸ், சாதாரணமாக. "எங்க ஊர்ல ஆஸ்பத்திரியே இப்படித்தான்."

நாலாவது மாடி எலும்பு வார்டில் நீவெஸின் அக்கா புருஷன் ஆல்வீசே இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். மீன் விற்று ஓய்ந்தவர். காது கொஞ்சம் மந்தம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல். அதற்கு வெளியே கடற்கழி முழுக்க வெயிலில் தகடாக விரிந்து கிடந்தது. படகுகள், தீவுகள், அதற்கும் அப்பால் பனிமலைகள்கூட வரிசையாகத் தெரிந்தன. அன்றைக்கு வானமும் நீவெஸின் கட்சியில் இருந்தது.

தித்தீனா மூக்கை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டாள்.

"இந்தக் கொழுந்தியாளுக்கு என்னைப் பார்க்க வரணும்னா வருஷம் ஆகும்" என்றார் ஆல்வீசே. "யாரு இவங்க?"

தித்தீனா கைப்பையிலிருந்து சாசேஜை எடுத்து நறுக்கி அவர் வாயில் ஒரு துண்டு வைத்தாள். அதற்குமேல் அவர் யாரென்று கேட்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து, "இங்க வெளிச்சாப்பாடு கூடாது!" என்றாள். அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. "இன்னிக்கு மட்டும்" என்று மென்றுகொண்டே போனாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பாலம் ஏறி இறங்கிய கால்கள் கெஞ்சின. தித்தீனா அதில் ஒரு நிமிஷம் சாய்ந்தாள். அப்படியே போனை ஆல்வீசேயிடம் கொடுத்து, ஜன்னலும் தானும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கிழவருக்குக் கை நடுங்கியது. படத்தில் கட்டிலும் தலையணையும் தித்தீனாவின் களைத்த முகமும் குளுக்கோஸ் மாட்டும் கம்பியும் நன்றாக விழுந்தன. பனிமலை விழவில்லை. மூக்குக்கண்ணாடி போடாமலே தித்தீனா அதைக் குழுவுக்கு அனுப்பி, கீழே ஒரு வரியும் தட்டினாள்: 'ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. எழுந்திருக்கவே மனசில்லை.'

அடுத்த நாள் கண்ணாடித் தீவு என்று பேச்சு. நீவெஸ் அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். இறந்தோர் திருநாளையொட்டிக் கல்லறைத் தீவுக்குப் படகில் யாரிடமும் காசு வாங்குவதில்லை.

"கண்ணாடி ஊதுறதை எத்தனை நேரம்டி பார்ப்பே? சூடு, புகை. அப்புறம் வெளிய விடும்போது ஒரு குதிரைப் பொம்மையைத் தலையில கட்டிடுவானுங்க. இந்தத் தீவைப் பாரு. பூ, மரம், காத்து. படகுச் சவாரியும் ஆச்சு. என் வீட்டுக்காரரையும் பார்த்த மாதிரி ஆச்சு."

"உன் வீட்டுக்காரரைப் பார்க்காம நான் போவேனா?" என்று தித்தீனா உடனே தன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். போகிற வழியில் வெள்ளைச் சாமந்திக் கொத்து ஒன்று வாங்க அவள் பர்ஸைத் திறந்தபோது, நீவெஸ் பாய்ந்து தன் சில்லறையைக் கொடுத்துவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பூவுமாக நின்று இன்னொரு படம். அதற்குக் கீழே: 'இவ்வளவு அமைதியான இடம் நான் பார்த்ததேயில்லை. இங்கேயே இருந்துவிடலாம்போல இருக்கிறது.'

திரும்பும் படகில், எதிரே வந்த பெரிய கப்பலைப் படம் எடுக்கிறேன் என்று தித்தீனா கையை வெளியே நீட்டினாள். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. போன் தண்ணீருக்குள் மீன் மாதிரி நழுவிப் போயிற்று.

நீவெஸ் பதறினாள். தித்தீனா குமிழி அடங்குகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போகட்டும் விடு. எண்ணெய் எங்கே, உப்பு எங்கேன்னு அவன் இனிமே என்னைக் கேக்க முடியாது" என்றாள்.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நீவெஸின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். தித்தீனாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வீட்டுத் தொலைபேசி எண் ஒன்றுதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எங்கேயாவது சீட்டு விளையாடிட்டு இருப்பான்" என்றாள் தித்தீனா.

கடைசியாகப் பாக்கி நின்றது கோந்தோலா. இதற்குத்தான் நீவெஸ் ராத்திரியெல்லாம் புரண்டிருந்தாள். அரைமணி நேரச் சவாரிக்கு அவர்கள் கேட்பதில் அவள் ஒரு மாதம் சாப்பிடலாம். ஆனால் பெரிய கால்வாயில் பாலமில்லாத இடங்களில் ஆட்களை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடத்திவிட ஓடம் உண்டு. அதே மாதிரிப் படகு, அதே துடுப்பு. என்ன, நின்றுகொண்டே போக வேண்டும், இரண்டு நிமிஷத்தில் அக்கரை வந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அதில் சில்லறைக் காசு. வெளியூர்க்காரர்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு.

"உக்காந்துட்டுப் போறதெல்லாம் நோயாளிங்க. வெனிஸ்காரங்க நின்னுட்டுத்தான் போவோம்" என்றாள் நீவெஸ். "ஒண்ணே ஒண்ணு. படகுல நீ வாயைத் திறக்கக்கூடாது. உன் பேச்சைக் கேட்டா நீ எந்த ஊருன்னு குழந்தைகூடச் சொல்லிடும்."

"எதுக்குத் திறக்கக்கூடாது?"

"அது... இங்க ஒரு மரியாதை."

துறையில் ஓடக்காரன் தித்தீனாவை மேலும் கீழும் பார்த்தான். தலையில் மஞ்சள் துணி, கையில் தின்பண்டப் பை. "இந்தம்மா நம்ம ஊரா?"

"என் பெரியம்மா பொண்ணு. எதிர்த் தீவுல இருக்கா. பாவம், பிறவி ஊமை."

தித்தீனாவின் கண் விரிந்தது. ஆனால் வாய் திறக்காததுதான் இங்கே மரியாதையாயிற்றே, உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஓடக்காரனுக்கு மனசு இளகி, கையைப் பிடித்துப் பத்திரமாக ஏற்றினான். "காலை அகட்டி வை. முட்டியை லேசா மடக்கு. என்னைப் பாரு, பிறந்ததுலேருந்து ஒருநாள்கூடத் தள்ளாடினதில்ல" என்று நீவெஸ் பாடம் நடத்தினாள். படகு நகர்ந்தது. இரண்டு பக்கமும் மாளிகைகள் தண்ணீரில் இறங்கி நின்றன. தித்தீனா ஒரு கையால் நீவெஸின் தோளைப் பற்றிக்கொண்டு, வாய் திறக்காமலே, தொண்டைக்குள் குழந்தை மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அக்கரை வந்ததும் விரலை ஆட்டினாள், மறுபடியும் என்று. மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் போனார்கள். ஓடக்காரர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஊமைப் பெண்ணின் சந்தோஷத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி இருந்தது.

நடுக்கால்வாயில் இருக்கும்போதுதான் கரையில் ஒரு கத்தல் கேட்டது. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கழுத்துப் பட்டை கட்டிய ஒரு மனிதன் துறையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

தித்தீனா நீவெஸின் காதோரம் குனிந்தாள். "அங்க பாருடி, நம்ம தொனாத்தோ மாதிரியே ஒருத்தன். பாவம், எவ கழுத்தை நீட்டினாளோ."

"தித்தீனாஆஆ!" என்றது கரை. "அடியே! நீ சாகலையாடி?"

தித்தீனாவின் வாய் திறந்துகொண்டது. படகில் அத்தனை நேரம் அடக்கிவைத்ததும் சேர்ந்து, பூலியா மலையின் அசல் பேச்சு, கால்வாயின் இரண்டு கரையிலும் மோதித் திரும்பியது. "தொனாத்தோஓ! இங்க என்னய்யா பண்றே? ஆட்டுக்கு யாருய்யா தண்ணி வைக்கிறது?"

முன்னால் நின்ற ஓடக்காரன் துடுப்பை விட்டுவிட்டான். "ஊமைன்னு சொன்னீங்களே!"

நீவெஸ் அவனுக்குப் பதில் சொல்லத் திரும்பினாள், அதே சமயம் கரையைப் பார்க்கவும் திரும்பினாள். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தள்ளாடாதவள் அந்த ஒருநாளில் மொத்தமாகத் தள்ளாடி, கோட்டும் பையும் குடையுமாகப் பெரிய கால்வாய்க்குள் போனாள்.

துடுப்பை நீட்டி அவளை இழுத்தார்கள். தித்தீனா அவள் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு ஏகத்துக்கும் மாதாவைக் கூப்பிட்டாள். துறையில் தொனாத்தோ மண்டியிட்டு இரண்டு கையாலும் அவளைத் தூக்கி, ஈரச்சாக்கை நிமிர்த்தி வைப்பதுபோல் நிறுத்தினான். பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்தான். உடனே திட்டினான். திட்டி முடித்து மறுபடி கட்டிப்பிடித்தான். ஓடக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. "அற்புதம் நடந்த மாதிரி நினைச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லிப் படகைத் திருப்பினான்.

நவம்பர்க் காற்று. நீவெஸின் பல் தந்தி அடித்தது. "முதல்ல இந்தம்மாவுக்குச் சூடா ஏதாவது குடுக்கணும்!" என்று தொனாத்தோ அவளை ஒரு பக்கமும் தித்தீனா மறுபக்கமும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஊர் தெரியாத அவன் கண்ணில் வெளிச்சமாகப் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தான். வெல்வெட் நாற்காலி, வெள்ளைக் கோட்டுப் பரிமாறுகிறவர்கள், வெளியே மேடையில் வயலின். சதுக்கத்திலேயே விலை கூடின கடை அதுதான். அந்தப் பக்கம் நடக்கும்போதுகூட ஊர்க்காரர்கள் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

நீவெஸ் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவன் கையைப் பிடித்தாள். "வே... வே... வே..."

"வேணுமாம், பாவம்!" என்றான் தொனாத்தோ. "தம்பி, சூடான சாக்லேட் மூணு. பிராந்தி. அந்தக் கேக்கு என்ன? அதையும் கொண்டா."

"வே... வே..."

"இன்னும் வேணுமாம். இன்னொரு பிராந்தி!"

பரிமாறுகிற பையன் ஒரு மேஜை விரிப்பைக் கொண்டுவந்து அவளைச் சுற்றிப் போர்த்தினான். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்புக்குள் தலை மட்டும் தெரிய நீவெஸ் உட்கார்ந்திருந்தாள். தொனாத்தோ நடந்ததைச் சொன்னான், கதை சொல்வதுபோல் அல்ல, வழக்குப் பதிவு செய்வதுபோல்.

"முதல் நாள் படம் வருது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கா. எழுந்திருக்கவே மனசில்லைன்னு எழுதியிருக்கா. அந்த ஃபிலொமேனா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, கம்பியில ரத்தம் ஏறுதுன்னுட்டா. மறுநாள் கல்லறை வாசல்ல பூவோட நிக்கிறா. இங்கேயே இருந்துடலாம்னு! இடம் பார்க்கப் போயிருக்கான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. போன் பண்ணினா போகலை. நான் என்ன பண்ணுவேன்? கல்யாணக் கோட்டைப் போட்டேன், பாங்க்குல இருந்ததை எடுத்தேன், ரயிலேறிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கா போனே?" என்றாள் தித்தீனா.

"வேற எங்க போவேன்? நாலாவது மாடியில ஒரு செவிட்டுக் கிழவர். படத்தைக் காட்டி, இவ எங்கேன்னு கேட்டேன். 'சாசேஜ் குடுத்த அம்மாவா? போயிட்டாங்களே. நல்ல மனுஷி'ங்கறார். எனக்கு உயிரே இல்லை. 'எப்போ?'ன்னேன். 'முந்தாநாள். மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோறதா என் கொழுந்தியா சொன்னா'ங்கறார். நான் தரையில உக்காந்து அழுதேன். அப்புறம் அந்த நர்ஸ்தான் வந்து, ஐயா, அந்தம்மா நடந்து போனாங்க, சுத்திப் பார்க்க வந்தவங்க, இன்னிக்கு ஓடத்துறைக்குக் கூட்டிட்டுப் போறதா அவங்க தோழி கிழவர் காதுல கத்திட்டிருந்தாங்கன்னு சொன்னா."

தித்தீனா சிரிக்க ஆரம்பித்தாள். மேஜை குலுங்கியது. தொனாத்தோ முறைத்தான், பிறகு அவனுக்கும் தொற்றிக்கொண்டது. நீவெஸ் மட்டும் சிரிக்கவில்லை. பிராந்தி உள்ளே இறங்கி நாக்கு பிழைத்திருந்தது.

"எங்கிட்டக் காசு இல்லடி" என்றாள். "குளிர்பெட்டி போச்சு. துவைக்கிற மெஷின் போச்சு. உனக்குன்னு வச்சிருந்தது எல்லாம் அதுக்கே போச்சு. அதான் உன்னை ஆஸ்பத்திரி, கல்லறைன்னு இழுத்தடிச்சேன்."

"தெரியும்" என்றாள் தித்தீனா, கேக்கை வெட்டிக்கொண்டே.

"தெரியுமா?"

"புதுக் குளிர்பெட்டி மேல ஒட்டின விலைச் சீட்டைக்கூட நீ கிழிக்கல. சுவர்ல பூசின சுண்ணாம்பு என் கோட்டுல ஒட்டிச்சு. சரி, இவ எதுவரைக்கும் போறான்னு பார்ப்போம்னு இருந்தேன். நீ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நினைக்கல, அது வேற விஷயம்." அவள் ஒரு பெரிய துண்டைத் தோழியின் வாய்க்குள் திணித்தாள். "என்னை ஊமையாக்கினியே, அதைத்தான் மன்னிக்கமாட்டேன்."

பில் வந்தது. தொனாத்தோ அதை ஒரு தடவை படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். "தம்பி, இது என்ன, பாட்டுக்குக் காசா?"

"ஆமாங்க. இசைக்குத் தனி."

"நான் எங்கய்யா கேட்டேன்? நான் பேசிட்டு இருந்தேன்!"

"வாசிச்சது காதுல விழுந்திருக்குமே ஐயா."

தொனாத்தோ எழுந்தான். நீவெஸ் விரிப்புக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். அவன் நேராக வெளியே மேடைக்குப் போய், தொப்பியைக் கழற்றி, வயலின்காரரிடம் ஏதோ சொன்னான். காசு கொடுத்தாகிவிட்டது, அதனால் எங்கள் ஊர்ப் பாட்டு வேண்டும் என்றான். சிலந்தி கடித்தவர்கள் விஷம் இறங்க ஆடுவார்களே, அந்தப் பாட்டு. வயலின்காரர் வருஷக்கணக்காக ஒரே மெட்டை வாசித்துச் சலித்தவர். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குழுவைத் திரும்பிப் பார்த்துக் காலைத் தட்டினார்.

அதற்குப் பிறகு அந்தச் சதுக்கத்தில் நடந்தது அங்கே அடிக்கடி நடப்பதல்ல. கறுப்புக் கல்யாணக் கோட்டோடு தொனாத்தோவும், மஞ்சள் துணியை வீசிக்கொண்டு தித்தீனாவும் மேஜைகளுக்கு நடுவே சுற்றினார்கள். உப்பிய கால் உப்பிய கால் மாதிரியே இல்லை. புறாக்கள் எழுந்து பறந்தன. சுற்றுலாக்காரர்கள் மணிக்கோபுரத்தை விட்டுவிட்டு இவர்களைப் படம் எடுத்தார்கள்.

ஆட்டத்தின் நடுவில் தொனாத்தோவின் போன் அடித்தது. மேஜைமேல் கிடந்ததை நீவெஸ் எடுத்து நீட்டினாள். ஃபிலொமேனா. தித்தீனா மூச்சு வாங்கியபடி, "ஹலோ, நான்தான்டி, தித்தீனா!" என்றாள். "எங்க இருக்கேன்னு கேளு!" என்று போனை வயலின் பக்கம் உயர்த்திப் பிடித்தாள். வயலின் பெரிதாக ஒரு சுற்று வாசித்து ஓய்ந்தது. காதில் வைத்துக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரே அழுகை.

"என்னவாம்?" என்றான் தொனாத்தோ.

"மோட்சத்துலேருந்து பேசுறேன்னு நினைச்சுட்டா. எனக்காகப் பூசைக்குச் சொல்லியிருக்காங்களாம். சாமியார் வந்தாச்சாம்."

"நிறுத்தச் சொல்லு."

"எதுக்கு நிறுத்தணும்? நடக்கட்டும். ஃபிலொமேனா பாரிஸுக்குப் போனப்போ யாராவது பூசை வச்சாங்களா?"

கால்வாய்த் தண்ணீர் சும்மா விடவில்லை. மறுநாள் நீவெஸுக்குக் காய்ச்சல். தித்தீனா புருஷனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வடித்த சூப்பைத் தோழியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஊர் சுற்றக் கிளம்பினாள். கோந்தோலாக்காரனிடம் தொனாத்தோ விலை கேட்டதாகவும், கேட்டுவிட்டு அவனைத் தட்டிக்கொடுத்து, 'இந்தக் காசுக்கு எங்க ஊர்ல ரெண்டு ஆடு வரும், அதுல ஒண்ணு பால் கறக்கும்' என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் பிறகு தெரிந்தது. நின்றுகொண்டு போனதுதான் நன்றாக இருந்தது என்று தித்தீனாவும் சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். தொனாத்தோவின் தொப்பி நிறையத் தக்காளி மாதிரிச் சிவந்த, காக்கி என்கிற பழங்கள்.

"இது எங்கடி கிடைச்சுது?"

"வழி தப்பிட்டோம். ஒரு சந்து, அதுக்குள்ள ஒரு சந்து, குனிஞ்சு போனா ஒரு முற்றம். நடுவுல கிணறு, ஓரத்துல பெரிய காக்கி மரம். இலையே இல்லை, பழம்தான். ஒரு அம்மா ஏணி போட்டுப் பறிச்சிட்டு இருந்தா. தொனாத்தோ ஏறிப் பறிச்சுக் குடுத்தான். அவ எங்களுக்குச் சாப்பாடே போட்டுட்டா."

"எங்க இருக்கு அந்த முற்றம்?"

"உன் வீட்டுக்குப் பின்னாடிதான். நாலு எட்டு."

"என் வீட்டுக்குப் பின்னாடி அப்படி ஒரு முற்றம் கிடையாது" என்றாள் நீவெஸ்.

"இருக்கு."

"நான் இங்கயே பிறந்தவடி. கிடையாது."

"அப்ப இந்தப் பழம் எங்கேருந்து வந்துது, கடல்லேருந்தா?" என்றான் தொனாத்தோ.

நீவெஸ் போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் கண்ணோடு, எந்தச் சந்து, இடது பக்கமா வலது பக்கமா, அந்த அம்மா மூக்கு எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. நம்பாமலே ஒரு பழத்தை எடுத்துத் தோலைக் கிழித்து, சாறு மணிக்கட்டில் வழிய உறிஞ்சினாள். அடுத்ததையும் எடுத்தாள்.

"கிடையவே கிடையாது" என்றாள், வாய் நிறையப் பழத்தோடு. "நாளைக்குக் காய்ச்சல் விட்டதும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, பார்க்கலாம்."